உப்புத் தண்ணீரில் வீங்காத மண்

படூரில் நான் வேலை பார்க்கும் மண் பரிசோதனைக் கூடத்தில் கடைசிக் கையெழுத்து என்னுடையது. அந்த வாரம் வந்தது நாற்பது வீடுகள் எழும்பப் போகிற மனையின் களிமண்.

சோதனை சின்னதுதான். மண்ணைச் சலித்து இரண்டு கண்ணாடிக் குழாய்களில் போடுவோம். ஒன்றில் மண்ணெண்ணெய், அதில் மண் வீங்காது. இன்னொன்றில் தண்ணீர். ஒரு நாள் கழித்து, தண்ணீரில் எவ்வளவு கூடுதலாக வீங்கியிருக்கிறது என்று பார்ப்போம். இருபது சதவீதம் காட்டியது. மனையில் என் செருப்பையே பிடுங்கிக்கொண்ட மண், வெறும் இருபதா? குழாயில் ஊற்றிய கேன் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. கூடத்து உதவியாள் மணி அண்ணனைக் கூப்பிட்டேன்.

"மணி அண்ணே, இதுல இன்னா ஊத்துனீங்க?"

"பேட்டரித் தண்ணி தீந்துபூச்சும்மா. போர் தண்ணி புட்ச்சி வெச்சேன். எல்லாம் தண்ணிதானே?"

கடலோரத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அந்த உப்பு களிமண்ணை வீங்கவிடாமல் அமுக்கிவிடும். பேட்டரிக்கு ஊற்றும், உப்பே இல்லாத வடித்த தண்ணீரை வாங்கிவரச் சொல்லி மறுபடி போட்டேன். மறுநாள் எண்பது.

முதலாளி தீனதயாளனுக்கு முகம் மாறியது. எண்பது என்றால் அஸ்திவாரத்தை ஆழமாக்க வேண்டும், பில்டர் கத்துவார்.

"இருபதே போடும்மா சங்கவி. மனைக்கு அடியிலயும் உப்புத் தண்ணிதானே கீது? மண்ணு அதுலதானே ஊறிகினு கீது?"

கெட்டிக்காரத்தனமான பேச்சு. எனக்குக் கோபம் வந்தது.

"மழையும் உப்பாவா சார் பெய்யுது? நாலு ஐப்பசி பெஞ்சா உப்பு கழுவிகினு பூடும். அப்ப மண்ணு வீங்கும், செவுரு பொளக்கும். உள்ள ஜனங்க இருப்பாங்க."

"பில்டர் வேற லேபுக்குப் போயிட்டா உன் வேலையும் பூடும், பார்த்துக்க."

பயமாகத்தான் இருந்தது. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் வருகிறது. ஆனாலும் ரிப்போர்ட்டில் இருபது என்று எழுதி, கையெழுத்து இடத்தைக் காலியாக விட்டு, பேனாவோடு அவர் பக்கம் தள்ளினேன்.

"நீங்க போடுங்க சார். உங்களுக்கும் அந்த அதிகாரம் கீது."

அவர் தாளைப் பார்த்தார். மணி அண்ணனைப் பார்த்தார். பேனாவை மட்டும் தொடவில்லை.

தாளை என் பக்கம் இழுத்து, இருபதை அடித்துவிட்டு எண்பது என்று எழுதினேன். கீழே என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.