கூண்டுக்குள் இல்லாத மரம்

ஏப்ரல் பதினைந்தாம் தேதி காலை பத்தே கால் மணிக்கு நாவல்மேடு கூட்ரோட்டில் ஒரு மரத்தின் நிழல் வந்து விழுந்தது. மரம் வரவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகும் ஷேர் ஆட்டோவுக்காக அப்போது அங்கே பதினொரு பேர் நின்றிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தார்கள். வெளுத்த வானத்தைத் தவிர மேலே ஒன்றுமில்லை. தலையில் போட்டிருந்த முந்தானையை இறக்கிவிட்டுக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்கள். காற்று வந்தபோது இலைகளின் நிழல் அசைந்தது, காற்று நின்றபோது நின்றது. மூன்றாம் நாள் ஓர் அணிலின் நிழலும் அதில் ஓடத் தொடங்கியது.

ஏன் வந்தது என்பது ஜெபாவுக்கு மட்டும் தெரியும். திட்ட அட்டவணையில் அந்தத் தேதியை எழுதியவள் அவள்தான். சிங்கப்பூர், மணிலா, டோக்கியோ, மும்பை, சென்னை என்று ஐந்து ஊர்களின் அறக்கட்டளைகள் சேர்ந்து, வெயிலில் வேலை செய்யும் ஆசிய மக்களுக்காக ஒரு கூட்டு நிதியம் தொடங்கியிருந்தன. தனித்தனியாகச் செய்து ஆகப்போவது ஒன்றுமில்லை, சேர்ந்தே செய்வோம் என்பது அவர்கள் கொள்கை. சிங்கப்பூர் பெஞ்சு தந்தது. மும்பை தண்ணீர்த்தொட்டி தந்தது. டோக்கியோ வெப்பம் அளக்கும் கருவியை அனுப்பியது. மணிலா, உள்ளூர் ஒருங்கிணைப்பாளரான ஜெபாவின் சம்பளத்தை ஏற்றது. சென்னைக்காரர்கள் மரத்தைச் சுற்றிப் போட இரும்புக் கூண்டு செய்து கொடுத்தார்கள். முதல் கோடையிலேயே நிழல் வேண்டும் என்பதால், வளர்ந்த மரம் ஒன்றை வேரோடு பெயர்த்துவந்து நடுவதாகத் திட்டம். அந்த மரத்தை மற்ற நால்வரில் ஒருவர் தருகிறார் என்று ஐவரும் நினைத்துக்கொண்டார்கள். கணினித் திரையில் நடந்த கூட்டங்களில் அதைக் கேட்பது அடுத்தவரைச் சந்தேகிப்பதுபோல் ஆகிவிடும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால் குறித்த நாளில் கூண்டு வந்தது, நிழல் வந்தது. கூண்டுக்குள் மட்டும் வெறும் மண் இருந்தது.

பதினெட்டு கூட்ரோடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஜெபா இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். காரணம் எழுதும் கட்டத்தில், தினமும் முந்நூறு பேர் வெயிலில் நிற்கிறார்கள் என்று எழுதினாள். அது உண்மைதான். முந்நூறில் ஒருத்தி அவள் அம்மா ஞானம்மா. இரும்பு உருக்கும் கம்பெனியில் கழிவிரும்பு அள்ளும் ஞானம்மா, முந்தைய ஆண்டு கத்திரியில், இரண்டு மணி ஷிப்டு விட்டுவந்து ஆட்டோவிலிருந்து இறங்கிய இடத்திலேயே சுருண்டு விழுந்தாள். இன்னொரு முறை வெயிலில் விழுந்தால் எழமாட்டார்கள் என்று திருவள்ளூர் டாக்டர் சொல்லி அனுப்பினார். காலனிக்குப் போகும் மினிபஸ் வரும்வரை அவள் அங்கே முக்கால் மணி நேரம் நின்றாக வேண்டும். வேலையை விடச் சொன்னபோது, "ஊட்ல குந்திக்கினா சோறு யாரு போடுவா, உன் சிங்கப்பூர்காரனா?" என்றாள். ஒருத்தியை மனதில் வைத்துக்கொண்டு முந்நூறு என்று எழுதியது பொய்யில் சேருமா என்று ஜெபா அடிக்கடி யோசித்தாள். நிழல் என்னவோ முந்நூறு பேருக்கும் விழுந்தது.

காலையில் அது ஊர்ப்பக்கம் சாய்ந்தது, பிற்பகலில் காலனிப் பக்கம். முதல் வாரம் ஊர்க்காரர்கள் பிற்பகல்களில் வெயிலிலேயே நின்றார்கள், காலனிக்காரர்கள் காலையில். கத்திரி பிறந்ததும் இரண்டு தரப்பும் நகர்ந்து வந்துவிட்டன. கையோடு கொண்டுவந்த நாஷ்டா பொட்டலத்தை ஒருவர் முன்னால் ஒருவர் பிரிக்க மட்டும் இன்னும் ஒரு வருஷம் பிடித்தது.

காலை நிழல் விழும் ஓரத்தில் பரசுராமனுக்கு நெல்வயல் இருந்தது. தன் வரப்பின்மேல் விழுவதால் நிழலும் தன்னுடையதே என்று கிராம நிர்வாக அலுவலகத்தில் அவர் மனுக் கொடுத்தார். மறுநாள் அவர் வரப்பின்மேல் மட்டும் வெயில் அடித்தது, கத்தரித்து எடுத்ததுபோல. அங்கே நின்றவர்கள் நாலு நாள் திட்டியதைத் தாங்காமல் அவர் கூட்ரோட்டுக்கு வந்து உரக்கச் சொன்னார். "எல்லாரும் கேட்டுக்கோங்க நைனா. இந்த நெழலுக்கும் எனக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல. பேஜாரு புடிச்ச நெழலு!"

"அதான் அவரே சொல்லிட்டாரே. வா நெழலு, வந்து குந்திக்கோ" என்றான் ஆட்டோ ஓட்டும் ஸ்டீவன்.

நிழல் திரும்பி வந்தது.

இரண்டாம் ஆண்டு செப்டம்பர் முப்பதாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர்த்தொட்டியின் குழாய் நின்றது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு விழவில்லை. மும்பைக்காரர்களின் ஒப்பந்தம் அன்றோடு முடிந்திருந்தது. ஆட்கள் மூடியைத் திறந்து சொம்பால் மொண்டு குடித்தார்கள். ஜெபா மட்டும் அன்றிலிருந்து நாட்களை எண்ணத் தொடங்கினாள். எழுதிய தேதியில் வந்தது எழுதிய தேதியில் போகும். திட்டம் மார்ச் முப்பத்தொன்றில் முடிகிறது. அதன்பிறகு ஏப்ரல் வரும், அம்மா இரண்டே கால் மணிக்கு வந்து இறங்குவாள்.

பிப்ரவரியில் ஐந்து அறக்கட்டளைகளிலிருந்தும் ஆட்கள் வந்து நிழலில் நின்றார்கள். கூண்டைச் சுற்றிவந்தார்கள். மேலே பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். உங்கள் மரம் என்றல்லவா நினைத்தோம் என்று ஐந்து பேரும் ஐந்து விதமான மரியாதையோடு சொல்லிக்கொண்டார்கள். சென்னையிலிருந்து வந்த அன்புசெல்வன் நல்ல மனிதர். ஜெபாவைத் தனியே அழைத்தார்.

"இதை எங்க பேர்ல எழுதிடலாம் ஜெபா. மூணு வருஷத்துக்கு நீட்டிப்பு வாங்கறது என் பொறுப்பு. உங்க வேலையும் அப்படியே தொடரும்."

அவர் கொடுத்த படிவத்தில் இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. மரம் யாருடையது என்று ஒன்று, எந்தத் தேதிவரை என்று ஒன்று. ஜெபா அதை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்று வருடச் சம்பளம் இருந்தால் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். அம்மா நிற்கமாட்டாள் என்றும் நினைத்தாள். ஐந்து கோப்புகளையும் பிரித்துப் பார்த்தாள். பெஞ்சுக்கு முடிவுத் தேதி இருந்தது, கூண்டுக்கு இருந்தது, அவளுக்கே இருந்தது. மரம் ஒரு கோப்பிலும் இல்லை. அதனால் அதற்கு முடிவும் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. பரசுராமனின் வரப்பில் அடித்த வெயில் நினைவுக்கு வந்தது. யார் பேரிலாவது எழுதினால் நிழல் போய்விடும், எழுதாவிட்டால் நிற்கும் என்பது அவளுடைய ஊகம்தான். தப்பாகப் போனால் அம்மாவும் இல்லை, சம்பளமும் இல்லை.

"வேணாம் சார். இது யாருதாவும் இருக்க வேணாம்" என்று சொல்லி, வெறும் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேலைய வுட்டுட்டு வந்து நிக்கிறியே, அறிவிருக்காடி உனக்கு?" என்று அன்று மாலை ஞானம்மா கத்தினாள். "நெழலு இல்லாங்காட்டி நான் ஒரு கொடை வாங்கிக்க மாட்டனா?"

"ரெண்டு வருசமா சொல்றேன், வாங்குனியா?"

ஞானம்மா குழம்பைக் கிளறினாள்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி பன்னிரண்டு மணிக்கு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏனென்று தெரியாமல் எழுந்துகொண்டார்கள். அதன்பிறகு யாராலும் அதில் உட்கார முடியவில்லை. டோக்கியோக் கருவி முப்பத்தாறு டிகிரியில் நின்றுபோனது. கூண்டு நாலு காலையும் மடித்து மாடு படுப்பதுபோல் மெதுவாகச் சாய்ந்தது. ஜெபா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று இருந்தும் இலைகளின் நிழல் அசையாமல் நின்றது. அவள் இருபது வரை எண்ணினாள். பிறகு அணில் குறுக்கே ஓடியது.

இரண்டே கால் மணிக்கு ஞானம்மா வந்து இறங்கினாள். மகள் நின்ற இடத்துக்கு வந்து, "தள்ளி நில்லு, நான் நிக்க வேணாமா?" என்றாள்.

மே மாதத்திலிருந்து ஜெபாவும் காலை ஷிப்டுக்குப் போகிறாள், பிஸ்கட்டுக்கு அட்டைப்பெட்டி மடிக்கும் கம்பெனிக்கு. கூண்டுக் கம்பியைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப்போய்விட்டார். நாவல்மேடு கூட்ரோடு என்ற பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. ஆட்டோவில் ஏறும்போது "மரத்தடி" என்கிறார்கள். ஸ்டீவன் அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறான்.