எழுவாய் தேடிப் போன வாக்கியம்

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளையில், எட்டாம் வகுப்பு ஆ பிரிவின் கரும்பலகையிலிருந்து ஒரு வாக்கியம் இறங்கி வெளியே போனது. அன்று வரலாற்று ஆசிரியர் விடுப்பு. பதிலுக்கு வந்தவர் ஊருக்குப் புதிதான தமிழாசிரியை. போன இடத்தில் சும்மா இருக்க மாட்டார். நாற்பது வருடத்துக்கு முந்தைய துறைமுக வேலைநிறுத்தத்துக்குப் பாடப்புத்தகம் ஒதுக்கியது ஒரே வரி: 'சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.' இதைச் செய்வினையாக மாற்றுங்கள் என்றார். பிள்ளைகள் 'சிலரைச் சுட்டுக் கொன்ற' என்பதுவரை வந்து திருதிருவென்று முழித்தார்கள். கொன்றானா, கொன்றதா, கொன்றார்களா? செய்தது யாரென்று தெரியாமல் வினைக்கு வால் வைப்பது எப்படி? ஆசிரியை அந்த அரைகுறையை அப்படியே பலகையில் எழுதி, "எழுவாய் எங்கேப்பா?" என்றார். அவ்வளவுதான், வாக்கியம் தேடக் கிளம்பிவிட்டது.

வகுப்பே ஹோவென்று பின்னால் ஓடியது. அது தலைமையாசிரியரின் மேசையில் ஏறியபோது அவர் அவசரமாக ஒரு கோப்பால் அதை மூடினார். முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில் சற்று நேரம் இளைப்பாறியது. பேருந்தின் முதுகில் தொற்றிக்கொண்டு டிக்கெட் எடுக்காமல் துறைமுகம் போய் வந்தது. இத்தனை வருடம் வாயைப் பொத்திக்கொண்டிருந்த பெரியவர்கள் முதலில் முகத்தைத் திருப்பினார்கள். பிறகு அவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஒதுங்கி வழிவிட்டார்கள்.

சிரிக்காதவள் பள்ளி ஆய்வகத்தைக் கழுவித் துடைக்கும் அக்கா ஒருத்திதான். ஊரில் அவளுக்குப் பெயர் 'ஓடிப்போனவன் மக'. வேலைநிறுத்தத்துக்குப் போன அப்பா வீடு திரும்பவில்லை. பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்று காவல் நிலையத்தில் எழுதி முடித்துவிட்டார்கள். அவளுக்கு அப்போது மூன்று வயது. கல்யாணப் பேச்சிலிருந்து குழாயடிச் சண்டைவரை அந்தப் பட்டம் கூடவே வந்தது.

வெள்ளிக்கிழமை வாக்கியம் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவரின் சட்டையில் ஏறி உட்கார்ந்தது. மூன்று தடவை துவைத்தும் போகவில்லை. திங்களன்று அவர் அதே சட்டையோடு வகுப்புக்கு வந்தார்.

"போலீஸ்தாம்மா சுட்டுச்சு. அவங்க லாரிய ஓட்டுனவன் நான். சிலர்லாம் இல்ல, அறுபத்தோரு பேரு. எண்ணித்தான் ஏத்துனேன். இத்தனை வருஷமா சொல்லத் துப்பில்லாம இருந்துட்டேன்."

வாசலில் துடைப்பத்தோடு நின்ற அக்கா கேட்டாள்: "ஐயா, அதுல ஆறு விரலோட யாராச்சும்..."

"ஒருத்தரு இருந்தாரும்மா. வலது கையி. அந்தக் கையப் புடிச்சுத்தான் தூக்குனேன்."

அவள் அழுதாள், அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். "அப்போ எங்கப்பா ஓடிப்போகலையே! எங்கள விட்டுட்டுப் போகலையே!" என்று வராந்தா முழுக்கக் கத்திக்கொண்டே போனாள். ஆறாம் வகுப்பு முதல் பத்துவரை எல்லோரும் கைதட்டினார்கள், எதற்கென்று தெரியாதவர்களும்.

வாக்கியம் சட்டையிலிருந்து இறங்கிப் பலகையில் ஏறி, தன் குறைகளைத் தானே சரிசெய்துகொண்டது: 'காவல் துறை அறுபத்தொரு பேரைச் சுட்டுக் கொன்றது.' மாலைக்குள் எல்லாப் புத்தகங்களிலும் அச்சு அப்படியே மாறியிருந்தது. கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் பார்த்துவிட்டு, எழுத்துப்பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டுப் போனார்கள்.

மறுநாள் ஆசிரியை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"எழுவாய்?"

"காவல் துறை!" என்றது வகுப்பு.

"பயனிலை?"

"கொன்றது!"

"செயப்படுபொருள்?"

பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து பதில் வந்தது: "எங்கப்பா!"

ஆசிரியை அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தார்.