சர்வர் எழுந்த பிறகு

அப்பாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டச் சொன்னார்கள். சிவசங்கரின் கையில் துணி நழுவியது. இரண்டாவது முறையும் முடிச்சு விழவில்லை.

"வுடு, நான் கட்டறேன்," என்று பெரியப்பா தணிகாசலம் குனிந்தார். தம்பியின் கால் என்று பார்க்காமல் இறுக்கிக் கட்டினார்.

அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. தாடைக்கட்டு போட்டும் மூடவில்லை. உதடுகள் வறண்டு வெடித்திருந்தன. தலைமாட்டு விளக்குக்குப் பக்கத்தில் பால் டம்ளர் இருந்தது. பால் ஏடு படிந்துவிட்டது. யாருக்கும் அதை எடுத்துக் கொட்ட மனம் வரவில்லை.

மகன் கையால் பால் இறங்கினால்தான் உயிர் நிம்மதியாகப் பிரியும் என்று, மற்றவர்களை ஊற்றவிடாமல் தடுத்தவர் பெரியப்பாதான். சிவசங்கர் வந்து சேர்வதற்குள் அப்பா போய்விட்டார்.

"கம்பெனில மிஷினு செத்துப்பூட்ச்சாம். அதுக்கு உசுரு குடுக்கப் போனாராம் தொர," என்றாள் சந்திரம்மாள் அத்தை, மூக்கைச் சிந்திக்கொண்டே.

"இன்னாத்துக்கு அவனப் போயி திட்டற? கைநீட்டி சம்பளம் வாங்கறவன். அவங்க வுடலன்னா இவன் இன்னா பண்ணுவான்?" என்றார் பெரியப்பா.

"நீ பேசாத. பால ஊத்தாத ஊத்தாதன்னு குறுக்கால நின்னவன்தான நீ."

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா சரோஜா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் முகத்தில் உட்கார வந்த ஈயை விரட்டினாள். சிவசங்கர் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து அவனிடம் அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அவர்கள் விடவில்லை என்பது உண்மையல்ல.

காலையில், அவன் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தண்டலத்துக் கம்பெனியிலிருந்து ஜீப் வந்தது. சர்வர் எழவில்லை, ஸ்டோர்ஸ் கணக்கும் சம்பளக் கணக்கும் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன என்றார்கள். அப்பாவுக்கு இழுப்பு கண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சும் தரையில் தகரத்தை இழுப்பதுபோல் வந்தது. "சீக்கிரம் வந்துடுடா," என்றாள் அக்கா. ஜீப் வல்லத்தைத் தாண்டி அந்த மூச்சுச் சத்தம் காதைவிட்டுப் போனபோது அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

சர்வரில் இரண்டு டிஸ்க்குகள். இயந்திரத்தை எழுப்புவது ஒன்று, கணக்குகளை வைத்திருப்பது மற்றொன்று. செத்திருந்தது எழுப்புகிற டிஸ்க். இப்படி நேரும் என்று அவன் முன்பே தயாரித்து வைத்திருந்த பிளாப்பியைச் செருகி, அதிலிருந்து எழுப்பினான். இரண்டாவது டிஸ்க்கைத் திறந்து பார்த்தான். ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. கொண்டுவந்து வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அவன் எழுந்திருக்கவில்லை. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. இந்த அறையில் எது கெட்டாலும் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். சரியாக இருந்த ஃபைல்களை மறுபடியும் திறந்தான், மூடினான்.

போன் அடித்தது. அட்டெண்டர் ரத்தினம் எடுத்தான்.

"சார், உங்க அக்கா. ரைஸ் மில்லுலேருந்து பேசறாங்க. எப்ப வருவீங்கன்னு கேக்கறாங்க."

"மிஷினு இன்னும் வரலன்னு சொல்லு. கொஞ்ச நேரத்துல வந்துடுவாருன்னு சொல்லு."

ரத்தினம் திரையைப் பார்த்தான். பச்சை எழுத்துகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. பிறகு அப்படியே சொன்னான்.

அதை நம்பித்தான் இங்கே பாலை நிறுத்தி வைத்தார்கள்.

மேளக்காரர்கள் பீடி பற்றவைக்க ஒதுங்கிய நேரத்தில் ரத்தினம் வந்தான். மேனேஜர் கொடுத்தனுப்பிய மாலையை அப்பாவின் மார்பில் வைத்துக் கும்பிட்டான். நகரப் போனவனை சரோஜா நிறுத்தினாள்.

"போன எடுத்தது நீதானப்பா?"

"ஆமாங்க்கா."

"நான் போன்ல பேசறப்ப அந்த மிஷினு வந்துட்ச்சா, வர்லியா? பொணத்தண்ட நிக்கற. நெசத்த சொல்லு."

சந்திரம்மாள் அத்தைகூட மூக்குறிஞ்சுவதை நிறுத்தினாள். ரத்தினம் சிவசங்கரைப் பார்த்தான். சொல்வதென்றால் இப்போது சிவசங்கர்தான் சொல்ல வேண்டும். அவன் வாயைத் திறந்தான். பிறகு குனிந்து, ரத்தினம் வைத்த மாலையைச் சரிசெய்தான்.

"வர்லக்கா," என்றான் ரத்தினம். "சாரு கெடந்து தவிச்சிக்கினு இருந்தாரு."

தவித்ததாகச் சொல்லும்படி அவனிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

சரோஜா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகை ஓய்ந்ததும் எழுந்து வந்து தம்பியின் கையைப் பிடித்தாள்.

"உன்னப் போயி இன்னான்னமோ நெனச்சிக்கினு இருந்தேன்டா. வா. மூஞ்சி கழுவு. எப்பிடி கீது பாரு."

பின்கட்டில் தண்ணீர் டிரம் இருந்தது. அவள் சொம்பில் மொண்டு ஊற்றினாள். அவன் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினான். தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து போயிற்று.

"மூஞ்சில அடிச்சிக்கோடா."

அவன் கைகளை நீட்டியபடியே நின்றான். அவள் இன்னொரு சொம்பு மொண்டாள்.