பதினாறு பிள்ளைகள் ஏறிய வேன்

முதல் தடவை அது வந்தபோது வேன் ஓடிக்கொண்டிருக்கவில்லை. சிக்னலில் நின்றிருந்தது. சிவப்பு விளக்கைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நொடி பின்னாலிருந்து ஏழெட்டு ஹாரன்கள் ஒன்றாக அலறின. விளக்கு பச்சையாக இருந்தது. பச்சையாகி வெகுநேரம் ஆகியிருந்தது. ஒரு மோட்டார் சைக்கிள்காரர் ஜன்னல் பக்கம் குனிந்து, "என்னண்ணே, தூக்கமா? வீட்ல போய்ப் படுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தூக்கம் இல்லை என்று அவருக்குத் தெரியும். தூங்கி எழுந்தவனுக்குத் தூங்கியது தெரியும். இதில் நடுவே ஒன்றுமே இல்லை. சிவப்பு இருந்தது, பிறகு பச்சை இருந்தது, அவ்வளவுதான்.

பதினோரு வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளுக்கு அவர் வேன் மாமா. காலையில் பதினாறு பேர் ஏறுவார்கள், அவருடைய மகளையும் சேர்த்து. பின்சீட்டில் ஆயம்மா இருப்பார். வேன் கிளம்பினால் தூங்கி, நின்றால் விழிக்கிற ஆயம்மா. பிரேக் சத்தம்தான் அவருக்கு அலாரம். தினமும் சாவியைத் திருப்புவதற்கு முன் வேன் மாமா இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்து, "எல்லாரையும் முழுசா கொண்டுபோய்ச் சேர்த்துடு கடவுளே" என்பார். பல் தேய்ப்பது மாதிரி அதுவும் ஒரு பழக்கம். சொன்னால் மனசுக்கு நிம்மதி.

இரண்டாவது தடவை வந்தது ஒன்பது நாள் கழித்து, கால்வாய்ப் பாலத்தில். பாலத்தில் ஏறியது நினைவிருந்தது. இறங்கியது நினைவில்லை. வேன் தன் பாட்டுக்கு நேராகப் போய், பாலத்தைத் தாண்டி, பெட்ரோல் பங்க் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். கீழே தண்ணீர். பின்னால் பிள்ளைகள் யாரோ ஒருவனின் டிபன் பாக்ஸைப் பிடுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மாலையில் மனைவியிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவள் மருந்துக் கடை வேலையில் காலையிலிருந்து நின்றுவிட்டு வந்து, இரண்டு வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, வெயில்" என்றார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குள் குழந்தை அழுதது, பேச்சு அத்தோடு நின்றது.

சொன்னால் வண்டியைத் தொட விடமாட்டார்கள். ஸ்டியரிங் பிடிப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாதவர். அந்தப் பயம் ஒரு பக்கம், பாலத்தின் பயம் இன்னொரு பக்கம். இரண்டையும் மென்று விழுங்கிவிட்டு, கடவுளிடம் மட்டும் போனார்.

ஐந்தே சொல்லில் முடிந்த பிரார்த்தனை நீண்டுகொண்டே போனது. முதலில் இனிமேல் வரவே கூடாது என்று கேட்டார். மறுபடி வந்தபோது, வந்தாலும் வண்டி நிற்கும்போது வரட்டும் என்று கேட்டார். அதற்கும் பிறகு, காலையில் வேண்டாம், சாயங்காலம் எல்லாப் பிள்ளைகளும் இறங்கிய பின் வரட்டும் என்று கேட்டார். கேட்டு முடித்துக் கண்ணைத் திறந்தார். எல்லாரும் இறங்கிய பிறகு வேனில் மீதி இருப்பது யார்? அவர் மகள். அவளை வைத்தா பேரம் பேசினோம் என்று நினைத்ததும் சாவி நழுவிக் காலடியில் விழுந்தது. "அந்த வேண்டுதல எடுத்துக்காதே, எடுத்துக்காதே" என்று குனிந்தபடியே முணுமுணுத்தார். சாவியை எடுத்து, வண்டியைக் கிளப்பினார்.

மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் அவளுக்கு அமுக்குணி என்று பெயர். பத்துக் கேள்வி கேட்டால் ஒரு தலையாட்டல் கிடைக்கும். அப்படிப்பட்டவள் திடீரென்று மாறினாள். பின்னால் தோழிகளோடு உட்காருகிறவள், முன்சீட்டுக்கு வந்தாள். வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை.

"அப்பா, அந்த லாரிக்கு எத்தனை சக்கரம்?"

"பத்து."

"அப்பா, மாட்டுக்கு மேல்பல்லு இருக்கா?"

"முன்னாடி இல்ல."

"அப்பா, ஏழெட்டு எவ்ளோ?"

"ஏம்மா, வாய்ப்பாடு நீதானே படிக்கணும்? அப்பாவை ஏன் பரீட்சைக்கு உக்கார வைக்கிற?"

ஆயம்மா பின்னாலிருந்து அரைத் தூக்கத்தில், "அமுக்குணிக்கு வாயில மோட்டார் மாட்டியிருக்காங்க போல" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவருக்கு எரிச்சலாக வந்தது. தனக்குள் இருக்கிற அந்த வெற்றிடம் எப்போது வரும் என்று காது கொடுத்துக் காத்திருப்பவரை இவள் தொணதொணத்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள், "கொஞ்ச நேரம் சும்மா இரு!" என்று கத்திவிட்டார். அவள் முகம் சுருங்கியது. ஆனால் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மெல்ல, "அப்பா, இன்னைக்கு என்ன கிழமை?" என்றாள்.

முதல் தடவை வந்ததிலிருந்து நாற்பதாவது நாள் காலை, ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டிகள் வரிசையாக ஊர்ந்து நின்றுகொண்டிருந்தன. அவருடைய வேனும் மெதுவாக நகர்ந்தது. முன்னால் ஒரு கம்பி லாரி நிற்பதைப் பார்த்தார். அதன் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பிகளின் நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்ததையும் பார்த்தார்.

அப்புறம், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. பைகள் சரிந்து விழுந்தன. சிறு பிள்ளைகள் அலறினார்கள். அந்தச் சிவப்புத் துணி அவர் கண்ணுக்கு நேராக, முன்கண்ணாடியை ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அவர் வலது கால் ஆக்சிலேட்டர் மேல் அப்படியே இருந்தது. இடது பக்கம் திரும்பினார். மகள் சீட்டிலிருந்து பாதி எழுந்து, ஹேண்ட் பிரேக்கை இரண்டு கைகளாலும் பிடித்து, தன் முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்தபடி இருந்தாள். கண்களை இறுக மூடியிருந்தாள்.

"விடும்மா" என்றார். "விடும்மா, வண்டி நின்னுடுச்சு."

அவள் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக அவர்தான் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

கேட் திறந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். சாவியைத் திருப்ப அவரால் முடியவில்லை. நாலு பேர் இறங்கி வேனை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அவர் பள்ளிக்குப் போன் செய்து, உடம்புக்கு முடியவில்லை, வேறு டிரைவரை அனுப்புங்கள் என்றார். பிள்ளைகளை ஆயம்மாவிடம் விட்டுவிட்டு, சாலையோர மைல்கல்லில் உட்கார்ந்தார். மகள் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"உன்னைக் கூப்பிட்டேன். பதில் வரலை."

"பதில் வரலைன்னா?"

"பாலத்துல அன்னைக்கும் கூப்பிட்டேன்ப்பா. ரெண்டு தடவை. நீ வாயை மட்டும் மெல்லுற மாதிரி அசைச்சே. கண்ணு திறந்தே இருந்துச்சு. ஆனா நீ அங்க இல்ல." அவள் உதடு துடித்தது. "அதான் முன்னாடி வந்து உக்காந்தேன். கேள்வி கேட்டுட்டே இருந்தா, பதில் வரலைன்னா உடனே தெரியும்ல. பிரேக் எங்க இருக்குன்னு பார்த்து வச்சுக்கிட்டேன்."

முப்பது நாளாகத் தான் ஒருவன் மட்டும் பயந்துகொண்டிருப்பதாக அவர் நினைத்திருந்தார். ஒன்பது வயதுப் பிள்ளை தினமும் காலையில் சீருடை போட்டு, பின்னல் போட்டு, அந்த முன்சீட்டில் வந்து காவல் இருந்திருக்கிறாள். அதிலும் அவர் கத்திய அன்றுகூட இறங்கிப் பின்னால் போகவில்லை.

"அம்மாகிட்ட ஏன் சொல்லலை?"

"நீயே சொல்லலையேப்பா. சொல்லக் கூடாது போலன்னு நினைச்சேன்."

வேறு டிரைவர் வந்து, அவரையும் சேர்த்து எல்லோரையும் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். அதற்குள் ஆயம்மா தன் பாணியில் கதை கட்டி முடித்திருந்தார்: லாரி சட்டென்று நின்றதாம், நம்ம ஆள் கண் இமைக்கிற நேரத்தில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுப் பதினாறு உயிரைக் காப்பாற்றினாராம். தலைமை ஆசிரியை தன் அறையிலிருந்து எழுந்து வந்து, கையில் தண்ணீர் கொடுத்து, "நல்ல வேளை, வண்டியில நீங்க இருந்தீங்க" என்றார். அவர் தண்ணீரைக் குடித்தார். உண்மையைச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று அங்கே ஒரு நிமிடம் தோன்றியது. ஆறுதலாகக்கூட இருந்தது. அந்த ஆறுதல்தான் எல்லாவற்றையும்விட அவரைப் பயமுறுத்தியது.

நேரே மருந்துக் கடைக்கு நடந்தார். மனைவி அவர் முகத்தைப் பார்த்ததும், கையிலிருந்த மருந்துச் சீட்டைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, அட்டைப் பெட்டிகள் அடுக்கிய பின்னறைக்குக் கூட்டிப்போனாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். சிக்னல், பாலம், கம்பி, மகளின் கை. சொல்லி முடிக்கும்வரை அவள் ஒரு பெட்டியின் மேல் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் கிழித்துக்கொண்டே இருந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"கடவுள்கிட்ட சொன்னேன். தினமும்."

"சரி. எனக்குப் பக்கத்துலதானே படுத்திருக்கீங்க, எனக்கு ஏன் கேக்கலை?" அவள் குரல் உடைந்தது. "ஊர் பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் நாள் முழுக்க மாத்திரை எடுத்துக் குடுக்கறேன். என் வீட்டு மனுஷன் என்கிட்ட வெயில்னு சொல்றாரு. கடவுள்கிட்ட சொல்றதுன்னா ஒளிச்சு வைக்கறதுன்னு அர்த்தமாங்க?"

அவரிடம் பதில் இல்லை. இந்தத் தடவை அது நோயினால் அல்ல.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "டாக்டர்கிட்ட இப்பவே போகணும். அதுக்கு முன்னாடி, வேனோட இன்னொரு சாவி உங்க பையில இருக்கும்ல? அதக் குடுத்துட்டு வருவோம். வாங்க, நானும் வர்றேன்."

தலைமை ஆசிரியையின் மேஜையில் அவர் சாவியை வைத்தார். நின்றபடியே, "பிரேக் போட்டது நான் இல்ல மேடம். என் பொண்ணு" என்று ஆரம்பித்தார். கேட்கக் கேட்க அந்த அம்மாவின் முகம் வெளுத்தது.

"எத்தனை நாளா?"

"நாப்பது நாள்."

"என் தங்கச்சி மகன் அந்த வேன்லதான் வர்றான், தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மேடம். மூணாவது சீட்டு, ஜன்னல் பக்கம்."

அவர் எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. அந்த அம்மாவும் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. சாவியை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, "முதல்ல உடம்பைப் பாருங்க. மத்தத அப்புறம் பேசலாம்" என்றார். மறுவாரம் பெற்றோர்களுக்கு நடந்ததையெல்லாம் எழுதிய கடிதம் போனது. பதினோரு வருடமாக வாசலில் நின்று கை காட்டியவர்களில் சிலர், கடைத்தெருவில் அவரைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் போனார்கள். ஒரு தகப்பன் மட்டும் நேரே வந்து, "எப்படி மனசு வந்துது உங்களுக்கு?" என்று கேட்டார். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

டாக்டர் தலைக்கு எடுத்த ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு, இது வலிப்பு என்றார். "வலிப்புன்னா கீழ விழுந்து கைகால் இழுக்கறதுதான்னு நினைக்கிறாங்க. இப்படியும் வரும். மாத்திரைக்குப் பெரும்பாலும் அடங்கும். ஆனா வண்டி மட்டும் கூடாது. ரொம்ப நாளைக்கு. ஒருவேளை எப்பவுமே." மனைவி எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டாள். எப்பவுமே என்ற சொல்லை மட்டும் அவள் எழுதவில்லை என்பதை அவர் கவனித்தார்.

இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். பிறகு ஒரு வண்டிப் பட்டறையில், கடை மேஜையில் உட்கார்ந்து உதிரி பாகங்களை எடுத்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. மகள் பழையபடி அமுக்குணி ஆகிவிட்டாள் என்று சொல்ல முடியாது. சாலையைக் கடக்கும்போது இன்னும் அவரை ஓரக்கண்ணால் பார்ப்பாள். ஒருநாள் அவர் அவளை உட்கார வைத்து, "இனிமே அப்பாவைப் பார்த்துக்கறது உன் வேலை இல்ல. அதுக்கு அம்மா இருக்கா, டாக்டர் இருக்கார், மாத்திரை இருக்கு. உன் வேலை வாய்ப்பாடு" என்றார். அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

பிரார்த்தனையை அவர் விடவில்லை. ஸ்டியரிங் இல்லாததால் கைகளை எங்கே வைப்பதென்று முதலில் தெரியவில்லை. இப்போது காலையில் சமையலறையில், மனைவிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்கிறார். "பயமா இருக்கு கடவுளே" என்று தொடங்குகிறார். பேரம் இல்லை. சிலநாள் அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "எனக்கும்தான்" என்று சேர்த்துக்கொள்வாள்.

மாத்திரை தொடங்கி எழுபது நாள் ஒன்றும் வரவில்லை. எழுபத்தோராவது நாள் நண்பகல், ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அது வந்தது. அவர் திரும்பி வந்தபோது மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய தட்டு கொஞ்சம் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. மகன் சாப்பாட்டைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தான். மகள் ஒரு கேள்வியும் கேட்காமல், அம்மாவையே பார்த்தபடி இருந்தாள்.

"வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு. பதினெட்டு செகண்டு" என்றாள் மனைவி. "நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லணும்." அவள் குரலில் நடுக்கம் இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை.

அவர் மனைவியையும் மகளையும் பார்த்தார். "பயந்துட்டீங்களா?" என்றார்.

"ஆமா" என்றாள் மகள்.

"நானும்" என்றார் அவர்.

மனைவி தட்டை மறுபடியும் அவர் முன்னால் நகர்த்தினாள். "சாப்பிடுங்க. ஆறிடும்."