பதினேழு வாய்கள்

சனிக்கிழமை காலை திருச்சபை வேனில் ஏறும்போதே சின்னவளுக்கு மனசு ஒட்டவில்லை. வந்திருக்க வேண்டியவர் அவள் கணவர். வெள்ளம் வடிந்த வீடுகளைச் சுத்தம் செய்யப் பேர் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் முந்தின நாள் சாயங்காலம் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நிஜமாகவே பிடித்ததா, வேலை என்றதும் பிடித்ததா என்பது அந்த இடுப்புக்கே வெளிச்சம்.

"தம்பிக்கு முடியலைன்னா அவன் பொண்டாட்டி வரட்டும். வீட்டுக்கு ஒரு ஆள்னு எழுதியாச்சு" என்று போனில் சொன்ன பெரியக்கா, பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள்.

பெரியக்கா, சின்னவளின் கணவருக்கு மூத்த அக்கா. உறவு முறைக்கு இவளுக்கு நாத்தனார், சபைக்கு மொத்தமும் அக்கா. பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிற கூட்டத்தை மேய்க்கிறவள். அடுப்புச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே, காதோடு ரகசியம் சொன்னாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். சபையில் இப்படி ஒரு உதவிக் குழுவைத் தொடங்கி, ஆறு வருடமாக அதை நடத்துகிறவளும் அவள்தான். சின்னவளுக்கும் அவளுக்கும் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை உண்டு, ஒட்டுறவு கிடையாது. வீட்டுக்கு வந்தால் பெரியக்கா முதலில் செய்வது பாத்திரத்தைத் திருப்பி அடியைப் பார்ப்பது. அறுபது அறை கொண்ட ஒரு ஓட்டலில் சுத்தம் பார்க்கும் பிரிவுக்கே மேற்பார்வையாளரான சின்னவளுக்கு அது எப்படி இருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு காபி போட்டுக் கொடுப்பாள்.

வேனில் ஏழு பேர். போதகர், ஒரு பிளம்பர், ஒரு பேருந்து ஓட்டுநரும் அவர் மனைவியும், ஒரு கணக்கு வாத்தியார், பிறகு இவர்கள் இருவர். பின்னால் மண்வெட்டி, வாளி, தள்ளுவண்டி, ரப்பர் பூட்ஸ், கையுறை, பிளீச்சிங் பவுடர் மூட்டை. வண்டி புறப்படுமுன் போதகர் ஜெபம் செய்தார். "சுருக்கமா முடிங்க பாஸ்டர், சேறு காஞ்சா கல்லாயிடும்" என்றாள் பெரியக்கா. ஆமென் சீக்கிரமே வந்தது.

அந்தத் தெருவில் எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரே உயரத்தில், யாரோ நூல் பிடித்துக் கோடு போட்ட மாதிரி தண்ணீர்க் கறை இருந்தது. சின்னவளின் தோள் அளவு. இவர்களுக்கு ஒதுக்கியிருந்த வீட்டு வாசலில், கையில் சாவியோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, நீளமான விரல்கள். வீட்டிலேயே பட்டறை வைத்துப் பல் செட் செய்து கொடுக்கிறவர் என்று போதகர் சொன்னார். மனைவியை மகள் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். தண்ணீர் வடிந்து மூன்று நாளாகியும் அவர் கதவைத் திறக்கவில்லை.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நானே பார்த்துக்கறேன்" என்றார்.

சரி, அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்று சின்னவள் நினைத்தாள். பெரியக்கா அசையவில்லை.

"நீங்கதான் பார்க்கப் போறீங்க. நாங்க எடுத்துக் காட்டுவோம். வேணும்னா இந்தப் பக்கம், வேணாம்னா அந்தப் பக்கம். நீங்க வாயைத் திறந்து சொல்லாம ஒரு கரண்டிகூட வெளியில போகாது. சரியா?"

அவர் சாவியைப் பார்த்தார், பெரியக்காவைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்தார்.

உள்ளேயிருந்து வந்த நாற்றம் முகத்தில் அறைந்தது. குளிர்சாதனப் பெட்டி மல்லாந்து கிடந்தது. நீலப் பூப்போட்ட சோபா நகர்ந்து வந்து சமையலறை வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. மெத்தை குடித்த தண்ணீருக்கு, அதைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. தரையெல்லாம் கணுக்கால் ஆழத்துக்குச் சேறு.

பெரியக்கா அவரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். ஒவ்வொரு பொருளும் அவர் முன்னால் வந்து நின்றது. சோபாவும் மெத்தையும் வேண்டாம் என்று அவரே முதலில் சொல்லிவிட்டார்; பிறகு கேட்டது சின்னச் சின்னப் பொருளைத்தான். அதற்கும் அவர் யோசித்தார். ஒரு வடிகட்டிக்கு இரண்டு நிமிடம். கைப்பிடி போன ஒரு குடைக்கு மூன்று நிமிடம். பெரியக்காவோ, அடுப்பில் நான்கு அண்டா கொதிக்கும்போது அதட்டுகிற அதே பெரியக்கா, அந்தக் குடையை ஏந்தியபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சின்னவளுக்குப் பொறுமை போயிற்று. 'இந்த வேகத்தில் போனால் அடுத்த வெள்ளமே வந்துவிடும்' என்று நினைத்தாள். தன் பங்கு நடைவழியை ஒரு மணி நேரத்தில் வழித்து முடித்தாள். அடுத்தது பின்னறை. அங்கே யாரும் இன்னும் கை வைக்கவில்லை. சுவரோடு இருந்த அலமாரி சரிந்து, தட்டுகளெல்லாம் சேற்றுக்குள் புதைந்திருந்தன. குவியலாகச் சாம்பல் நிறக் கட்டிகள். சுவர்ப் பூச்சு உதிர்ந்து விழுந்திருக்கிறது என்று முடிவு கட்டினாள். இதற்கெல்லாமா ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்? மண்வெட்டியால் அள்ளித் தள்ளுவண்டியில் போட்டாள். துருவேறிய ஒரு பிஸ்கட் டப்பாவும் கூடவே போயிற்று. பின்வாசல் வழியாக நான்கு நடை. தெருவோரக் குப்பைமேட்டில், சோபாவுக்கும் மெத்தைக்கும் பக்கத்தில் கொட்டினாள். பன்னிரண்டு மணிக்கு நகராட்சி லாரி வந்து மேட்டை வாரிக்கொண்டு போனது. தரை தெரிந்த பின்னறையைப் பார்த்து அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட.

அரை மணி கழித்து அந்த மனிதர் எழுந்து பின்னறைக்குப் போனார். காலியான தரையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இங்க இருந்த வாயெல்லாம் எங்க?"

யாருக்கும் புரியவில்லை.

"வாய்ங்க. பதினேழு பேரோட வாய். பிளாஸ்டர்ல அச்சு எடுத்து, மேலயும் கீழயும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருந்தேன். ஊறினாலும் காய வச்சா நின்னுடும்னுதான் தைரியமா இருந்தேன். ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அதுல மூணு செட்டு முடிஞ்சு, கொடுக்கறதுக்கு ரெடியா இருந்துச்சு."

கவிழ்த்துப் போட்ட வாளி மேல் அவர் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "வீடு என்னோடது, போனாப் போகட்டும். அது அவங்களோடது. ஒருத்தர் ரெண்டு வாரமா ரொட்டியைத் தண்ணியில நனைச்சுச் சாப்பிட்டுக்கிட்டிருக்கார். நான் எந்த முகத்தோட போய்ச் சொல்லுவேன்?"

சின்னவள் தள்ளுவண்டியைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் தெரியப்போவதில்லை. ஏழு பேர் வேலை செய்த வீடு. ஆனால் வாய் தானாகத் திறந்தது.

"நான்தான் எடுத்துப் போட்டேன். சுவர்ல இருந்து விழுந்ததுன்னு நினைச்சேன். கேட்கல."

பெரியக்கா திரும்பினாள். இப்போது விழும், தெருவே கேட்கும்படி விழும் என்று சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"லாரி எந்தப் பக்கம் போச்சு?" என்றாள் பெரியக்கா. அவ்வளவுதான்.

பிளம்பர் வேனை எடுத்தார். போகிற வழியெல்லாம் சின்னவள் திட்டுக்காகக் காத்திருந்தாள். பெரியக்கா ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். "குடி. காலையில இருந்து நீ ஒரு மடக்கு தண்ணி குடிக்கல, பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்." அவள் குடித்து முடிக்கும் வரை பாட்டிலின் மூடியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

வெள்ளக் குப்பையையெல்லாம் ஒரு விளையாட்டு மைதானத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுவதும் தன் வீட்டுச் சாமான்களைத் திருப்பிப் போட்ட மாதிரி மலை மலையாகக் குவிந்திருந்தது. ஒரு மூலையில் மண்வாரி இயந்திரம் எல்லாவற்றையும் நசுக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற மேஸ்திரி கையை நீட்டி மறித்தார்.

"உள்ள யாரும் போகக் கூடாதும்மா. மெஷின் ஓடுது. என்ன தேடறீங்க?"

"பல்லு" என்றாள் பெரியக்கா.

"யாரோட பல்லு?"

"மூணு பேரோடது. உங்களோடது இல்ல, பயப்படாதீங்க."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். பெரியக்கா விஷயத்தைச் சொன்னாள். கெஞ்சவில்லை, அதட்டவும் இல்லை. ரொட்டியை நனைத்துச் சாப்பிடுகிறவரைப் பற்றிச் சொன்னபோது மேஸ்திரி தன் தாடையைத் தடவிக்கொண்டார். "எங்கப்பாவும் அப்படித்தான் இருந்தார்" என்றார். பிறகு, மண்வாரி அந்தப் பக்கம் வர ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்று வழிவிட்டார்.

நீலப் பூப்போட்ட சோபாதான் அடையாளம். அதைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆனது. தூறல் வேறு பிடித்துக்கொண்டது. மண்வெட்டி போட்டால் அச்சு உடைந்துவிடும், கையால்தான் தோண்ட வேண்டும். பெரியக்கா அந்தச் சகதியில் மண்டி போட்டாள். இரண்டு முட்டியிலும் வலி உள்ளவள், ஆராதனையில்கூட நாற்காலியில் உட்கார்ந்தே ஜெபிக்கிறவள். சின்னவள் பார்த்தாள். பக்கத்தில் தானும் மண்டி போட்டாள்.

முதல் அச்சு பிளம்பர் கையில் கிடைத்தது. துணியால் துடைத்ததும் பல் இல்லாத ஈறு ஒன்று, மேலண்ணத்தின் வரிகளோடு தெரிந்தது. யாரோ ஒருவரின் வாய். அடியில் எண் கீறியிருந்தது. சின்னவள் அதை வாங்கிப் பார்த்தாள். இதையா சுவர்ப் பூச்சு என்று அள்ளிப் போட்டோம்? அதன் பிறகு கிடைத்த ஒவ்வொன்றையும் அவள் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினாள். ரப்பர் பேண்ட் அறுந்து போன ஒன்றுக்குத் தன் தலைமுடியில் கட்டியிருந்ததை எடுத்துப் போட்டாள். பெரியக்கா வாயால் எண்ணிக்கொண்டே வந்தாள். ஐந்து, ஆறு, ஒன்பது. பதினொன்று முழுசாகக் கிடைத்தன. இரண்டு உடைந்திருந்தன, ஆனால் துண்டுகள் இருந்தன.

மண்வாரி நெருங்கிவிட்டது. மேஸ்திரி தூரத்திலிருந்து கையை ஆட்டினார். அப்போதுதான் பெரியக்கா மெத்தையின் அடியில் தோள் வரை கையை விட்டாள். கன்னம் அந்த நாறுகிற மெத்தையில் அழுந்த, கண்ணை மூடிக்கொண்டு துழாவினாள். "தகரம்... இழு, மெத்தையைத் தூக்கு சின்னவளே." இருவரும் பிளம்பரும் சேர்ந்து தூக்கினார்கள். டப்பா வந்தது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, மூடி திறக்கவில்லை.

வேனில் திரும்பும்போது சின்னவளுக்கு அழுகை முட்டியது. "என்னைத் திட்டிடுங்கக்கா. மனசு ஆறும்."

"உனக்கு ஆறும். எனக்கு என்ன லாபம்?" என்றாள் பெரியக்கா. கொஞ்ச நேரம் முட்டியை நீவிக்கொண்டிருந்தாள். "அந்த ரூமுக்கு உன்னைத் தனியா விட்டது நான். புது ஆளை யாரோடயாவது சேர்த்து விட்டிருக்கணும். நீ வேகமான வேலைக்காரி, உன்கிட்ட நின்னு சொல்லணும்னு எனக்குத் தோணாமப் போச்சு."

வீட்டு வாசலில் போதகர் ஓடி வந்தார். "எப்படி ஆச்சு இது? யாரு—"

"குழு தப்பு பாஸ்டர். குழுதான் தேடி எடுத்தது" என்று பெரியக்கா அந்தப் பேச்சை அங்கேயே நறுக்கினாள்.

பல் செட்காரர் டப்பாவை மடியில் வைத்து, ஒரு ஸ்குரூ டிரைவரால் மூடியை நெம்பினார். பஞ்சில் சுற்றிய மூன்று செட்டும் உள்ளே இருந்தன. தண்ணீரில் அலசித் துணி மேல் வரிசையாக வைத்தார். மூன்றும் அவரைப் பார்த்துப் பல்லிளித்தன. கணக்கு வாத்தியார் முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அச்சுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி எண் பார்த்து, ஒரு தாளில் குறித்தார். காணாமல் போனவை நான்கு.

"நாலு பேரைத் திரும்ப ஆன்னு வாயைத் திறக்கச் சொல்லணும், அவ்வளவுதானே" என்று அவரே சமாதானம் சொன்னார்.

"நானும் வரேன். நான்தான் தொலைச்சேன்னு சொல்லணும்" என்றாள் சின்னவள்.

அடுத்த சனிக்கிழமை வந்தாள். சொல்லாமலே பெரியக்காவும் வந்து வண்டியில் ஏறினாள். முதலில், முடிந்த செட்டுகளில் ஒன்றை ரொட்டி நனைத்துச் சாப்பிடுகிறவரிடம் கொடுத்தார்கள். அவர் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். பல்லைப் போட்டுக்கொண்டு, காய்ந்த ரொட்டி ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்தார். அந்தச் சத்தத்தைப் பல் செட்காரர் தலை சாய்த்துக் கேட்டார். சமையல்காரியான பெரியக்கா, மனிதர் மெல்லுகிற அழகை, பரிமாறிவிட்டு நிற்பவளைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அந்த நான்கு வீடுகள். ஒருவர் முணுமுணுத்தார், இரண்டு பேர் பரவாயில்லை என்றார்கள். நான்காவது வீட்டில் தையல் கடை நடத்துகிற அம்மா. சின்னவள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மா பொக்கை வாயோடு முழுவதையும் கேட்டார். பிறகு பல் செட்காரரைப் பார்த்துச் சொன்னார்.

"தொலைஞ்சது நல்லதாப் போச்சு. அன்னைக்கு அளவெடுக்கறப்ப எனக்குத் தும்மல் வந்து அச்சு வாய்க்குள்ளயே நகர்ந்துடுச்சு, சொல்ல வெட்கமா இருந்துச்சு. இன்னைக்கு ஒழுங்கா எடுங்க."