ஓடாத ட்ராலி

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் மற்றவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆடும் மாடும் போதும். டக்ளஸுக்குப் போதாது. அவன் குடிலில் பாலன் இயேசு பிறப்பதே சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில்தான். ஆளிறக்கும் கூண்டான கேஜ் நூலில் தொங்கி ஏறி இறங்கும், தீப்பெட்டி ட்ராலி கல் சுமந்து ஓடும். அதற்குச் சக்கரம், ரிமோட்டிலிருந்தும் எடை மெஷினிலிருந்தும் கழற்றிய தீர்ந்துபோன வட்ட பேட்டரிகள் நான்கு. சுரங்கக்காரர்கள் குடியிருக்கும் அந்த லைன் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. ஜெயசீலிக்கும் புருஷனை நினைத்துப் பெருமைதான், பொய் சொல்வானேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து ஜெயசீலி சேலை மாற்றிக்கொண்டு வருவதற்குள் ட்ராலி குடை சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் மூன்று வயது மகள் டீனா, வாயெல்லாம் எச்சில் ஒழுக, தொண்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெயசீலி ட்ராலியைத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க, ஒரு சக்கரம் காணோம்!"

டக்ளஸ் கட்டிலுக்கடியில் தேடினான். "செத்த பேட்டரிதானே சீலி, அது இன்னா பண்ணும்?"

அழுகைச் சத்தம் கேட்டு அடுத்த வீட்டு வெங்கடம்மா வாழைப்பழத்தோடு வந்தாள். "நம்ம லைன்ல காசு முழுங்காத புள்ள உண்டா? ரெண்டு பழம் குடு, காலைல தானா வெளிய வந்துடும்."

ஜெயசீலியும் சின்ன வயதில் அப்படிப் பிழைத்தவள்தான். பழத்தை வாங்கி உரிக்கவே தொடங்கிவிட்டாள். ஆனால் இது காசில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. பழத்தைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள்.

"ஒண்ணும் திங்கக் குடுக்காதீங்க, வாந்தி எடுக்க வெக்காதீங்க," என்றாள் நர்ஸ். "செத்த பேட்டரியும் தொண்டையில மாட்டிச்சுன்னா சதையைப் புண்ணாக்கிடும். மூணு வயசுதானே, கையோட தேன் இருந்தா அது மட்டும், புண்ணாகாம கொஞ்சம் தடுக்கும், பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ரெண்டு சின்ன ஸ்பூன் குடுத்துக்கினே வாங்க. தேன் தேடிக்கினு நிக்காதீங்க, உடனே கிளம்புங்க."

பழத்தை வேண்டாமென்றதற்கு வெங்கடம்மா முகம் சுளிக்கவில்லை. ஆட்டோ கிளம்புவதற்குள் தன் வீட்டுத் தேன் பாட்டிலோடு ஓடிவந்து ஏறிக்கொண்டாள்.

வழியெல்லாம் ஜெயசீலி தேன் ஊட்டினாள், ஜெபம் சொன்னாள், டக்ளஸை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் தன் ஞாயிற்றுச் சட்டையாலேயே டீனாவின் எச்சிலைத் துடைப்பதைப் பார்த்ததும் திட்டு நின்றுபோனது.

எக்ஸ்ரேயில் உணவுக்குழாயில் பேட்டரி வட்டமாகத் தெரிந்தது. மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டு எடுத்தார்கள். "லேசா புண்ணாகியிருக்குது, ஆறிடும். சீக்கிரம் வந்தீங்க," என்றார் டாக்டர். ஜெயசீலி அங்கேயே, அத்தனை பேர் முன்னால், வாய்விட்டு அழுதாள்.

வீடு திரும்பியதும் டக்ளஸ் மிச்ச மூன்று பேட்டரிகளையும் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் டப்பாவில் இறுக மூடி, பழைய பேட்டரி வாங்கிக்கொள்ளும் கடையில் கொடுத்துவிட்டு வந்தான். பிறகு ட்ராலிக்குப் பேனாவால் சக்கரம் வரைந்தான்.

டீனா விரலால் தள்ளிப் பார்த்தாள். "அப்பா, வண்டி ஓடல."

"ஓட வேணாம் கண்ணு," என்றான்.

டீனா அதை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு ஸ்பூன் தேன் கேட்க வெங்கடம்மா வீட்டுக்கு ஓடினாள்.