மேலேயிருந்து வந்த பால்

மராட்டி பேசும் ஊரான கோர்படியில் குடியிருக்கும் மரியஜோசப்பாகிய நான், வயது எழுபத்தாறு, இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்று வேதபுத்தகத்தின்மேல் கைவைத்துச் சொல்கிறேன். கண்ணாடி போடாமல் வைத்ததால் அது பழைய டெலிபோன் டைரக்டரியாகவும் இருக்கலாம். சத்தியம் சத்தியம்தான்.

என் மருமகள் ரெனிட்டாவுக்கு ரஞ்சன்காவில் ஒரு பாக்டரியில் காண்டிராக்ட் வேலை. பிரசவமாகி மூன்றே மாதத்தில் திரும்பப் போனாள். சூப்பர்வைசரிடம் கெஞ்சி, ஷிப்டில் இரண்டு தடவை இருபது இருபது நிமிடம் வாங்கியிருந்தாள். முதலுதவி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாலைப் பீய்ச்சி, ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டுவருவாள். மறுநாள் பகல் முழுக்க என் பேத்தி அலினாவுக்கு அதுதான் சாப்பாடு. அந்த நாற்பது நிமிடம் போனால் பாலும் போய்விடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

ஆகஸ்டில் தாய்ப்பால் வாரம் வந்தது. பத்திரிகைகளுக்கு வருஷத்தில் ஏழு நாள் தாயின் ஞாபகம் வரும். படத்தில் இருக்கிற தாய்க்குப் பட்டுச் சேலை உண்டு, ஜன்னல் வெயில் உண்டு. பிடிக்கவேண்டிய பஸ் மட்டும் கிடையாது.

மராட்டிப் பத்திரிகை நிருபர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். வீட்டுக்கு வீடு ‘தாய்ப்பால் அமிர்தம்’ என்றே கேட்டு அலுத்துப்போய், என் வாசலில் நோட்டை மூடப்போனவர், கடைசியாக ஒன்று கேட்டார்: “பாளாலா அங்காவர்ச்ச தூத் தேதா, கீ வர்ச்ச?”

குழந்தைக்கு எந்தப் பால் என்ற கேள்வி அது; அங்காவர்ச்ச என்றால் தாய்ப்பால், வர்ச்ச என்றால் புட்டிப்பால் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் வர்ச்ச என்பது ‘மேலே உள்ளது’. மேலே இருப்பவர் யார்? கர்த்தர். நான் பக்தியோடு வானத்துக்கு விரல் காட்டி, “வர்ச்ச. எல்லாமே வர்ச்ச,” என்றேன். நிருபர் நோட்டைத் திறந்தார். என் விரலைப் படமும் பிடித்தார்.

மறுநாள் தலைப்பு: ‘எங்கள் வீட்டில் புட்டிப்பால்தான்: தாத்தா பெருமிதம்.’ கீழே, பிள்ளைக்குப் பால் கொடுக்க மனமில்லாத நவீனத் தாய்மார்களைப் பற்றி ஒன்றரைப் பத்தி. ரெனிட்டாவின் பெயரும் இருந்தது.

பக்கத்து வீட்டு மேவிஸ் அதைக் கத்தரித்துச் சர்ச் நோட்டீஸ் போர்டில் குத்திவிட்டு வந்தாள்.

“ஏட்டி ரெனிட்டா, பால் குடுத்தா அழகு கொறஞ்சிருமோ? நாங்க ஆறு பெத்தோமே, கொறஞ்சா போனோம்?”

“ஒங்க மக ரீனா நேத்து ஒரு கரண்டி பால் பவுடர் கேட்டா, ஆன்ட்டி. எங்க வீட்ல டப்பாவே இல்லைன்னு சொல்லி அனுப்பினேன்.”

அன்று சாயங்காலம் தெருமுனை மருந்துக் கடையில் பதினோரு டப்பா பவுடர் விற்றது. யார் கண்ணிலும் படக்கூடாது என்று வாங்கியவர்கள் கேட்டுக்கொண்டதால், பதினொன்றையும் கடைக்காரர் அதே பத்திரிகையில்தான் சுற்றிக் கொடுத்தார். பதினோராவது மேவிஸ் வாங்கியது.

சூப்பர்வைசருக்கு அந்தச் செய்தியின் படம் போனில் வந்திருந்தது. “குழந்தை பவுடர் குடிக்குதுன்னா உனக்கு எதுக்கு ரூம்? போன் பேசவா?” என்று இந்தியில் கேட்டு, நாற்பது நிமிடத்தையும் பிடுங்கிக்கொண்டார்.

மறுப்புப் போடச் சொல்லி ரெனிட்டா பத்திரிகைக்குப் பேசினாள். தாய்ப்பால் வாரம் முடிந்துவிட்டது, அடுத்த ஆகஸ்டில் பார்க்கலாம் என்றார்கள்.

முதல் வாரம் அவள் சட்டை நனைந்தது. இரண்டாம் வாரம் மார்பு கல்லாகிக் காய்ச்சல் வந்தது. நான்காம் வாரம் ஒன்றுமில்லை. நானே போய் டப்பா வாங்கிவந்தேன். பத்திரிகை பொய் எழுதவில்லை. ஒரு மாதம் முந்தி எழுதிவிட்டது, அவ்வளவுதான்.

வெந்நீரில் பவுடரைக் கலக்கிக்கொண்டே ரெனிட்டா என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“மாமா, அந்த வார்த்தைக்கு அர்த்தம் ஒங்களுக்கு நெசமாவே தெரியாதா?”

“தெரியாதும்மா. என் மராட்டி காய்கறி வாங்குற மராட்டிதானே.”

“சரி மாமா,” என்று புட்டியைக் குழந்தையின் வாயில் வைத்தாள்.

கோர்ட்டில் மராட்டி சாட்சியங்களை இங்கிலீஷில் மொழிபெயர்ப்பதுதான் முப்பத்தொரு வருடம் நான் பார்த்த உத்தியோகம்.